எட்டே நாளில் அன்னபூர்ணா?

மலையேறுகிற தமிழர்கள் நாலு பேர் கூடினால், நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையைப் பற்றி ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது: எட்டு நாள் போதும். பத்து என்பவர் பயந்தாங்கொள்ளி. பதினைந்து என்பவர் வேலைவெட்டி இல்லாதவர். இந்தத் தீர்ப்பை நம்பித்தான் லீவு போடுகிறார்கள், திரும்பி வரும் விமானத்துக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறார்கள், எக்செல் தாளில் நாளுக்கு ஒரு வரியாகப் பயணத்தை நிரப்புகிறார்கள். அந்தத் தாள் அடிப்படையிலேயே தப்பு. மலைச்சுற்று ஒன்றைத் திட்டமிடுகிறவர் உயரத்தையும் உபரி நாட்களையும் முதலில் எழுத வேண்டும். லீவை முதலில் எழுதினால், அதற்குப் பிறகு எழுதுகிற ஒவ்வொரு வரியும் அந்த லீவுக்கு ஏற்ற பொய்யாகத்தான் வரும்.

எட்டு நாள்காரர்களின் வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. 1977-இல் இந்தப் பாதை வெளிநாட்டவருக்குத் திறக்கப்பட்டபோது அது மூன்று வார நடை. கிழக்கே மர்ஸ்யாங்தி ஆற்றோடு ஏறி, மனாங் பள்ளத்தாக்கைக் கடந்து, 5,416 மீட்டரில் தோரோங் கணவாயைத் தாண்டி, மேற்கே முக்திநாத்தில் இறங்கி, காளி கண்டகியோடு தெற்கே திரும்ப வேண்டும். இன்று கிழக்கே மனாங் வரை ஜீப் போகிறது. மேற்கே முக்திநாத்தின் வாசலிலிருந்தே பொக்கராவுக்கு வண்டி கிடைக்கிறது. ரோடு போட்ட பள்ளத்தாக்கில் ஜீப் கிளப்பும் புழுதியைத் தின்றபடி நடப்பானேன்? வழியெங்கும் விடுதிகள் இருக்கின்றன, கையில் வரைபடச் செயலி இருக்கிறது, தலைவலிக்கு மாத்திரை இருக்கிறது, ஆபத்தென்றால் ஹெலிகாப்டர் இருக்கிறது. ஐ.டி. கம்பெனியில் சேர்ந்தாற்போல் பத்து நாள் லீவு வாங்குவதே பெரும்பாடு. ஆகவே கீழ்ப்பகுதியை ஜீப்பில் தாண்டு, மேலே உள்ளதை மட்டும் நட. இதுதான் அவர்கள் கட்சி.

தாளும் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் நாள் விடியற்காலையில் காத்மாண்டுவில் கிளம்பி, இரவு ஜீப்பில் சாமே. இரண்டாம் நாள் மனாங். மூன்றாம் நாள் திலிச்சோ அடிவார முகாம். நான்காம் நாள் திலிச்சோ ஏரியைப் பார்த்துவிட்டு ஸ்ரீ கர்க்கா. ஐந்தாம் நாள் யாக் கர்க்கா. ஆறாம் நாள் ஹை கேம்ப். ஏழாம் நாள் கணவாயைத் தாண்டி முக்திநாத். எட்டாம் நாள் பொக்கரா. ஒன்பதாம் நாள் விமானம், பத்தாம் நாள் ஆபீஸ்.

1. இந்தத் தாளில் எல்லாம் இருக்கிறது, இரவு எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதைத் தவிர.

அதை ஓரத்தில் எழுதிப் பாருங்கள். காத்மாண்டு 1,400 மீட்டர். சாமே 2,670. மனாங் 3,540. திலிச்சோ அடிவாரம் 4,150. நமக்குத் தெரிந்த மலையை வைத்துச் சொன்னால், முதல் இரவே தொட்டபெட்டா உச்சிக்குச் சமமான உயரத்தில் தூக்கம். அதற்கு மேல் இன்னும் ஒன்றரை ஆயிரம் மீட்டரை அடுத்த இரண்டே இரவுகளில் ஏறிவிடுகிறார்கள், அதிலும் பாதி வழி ஜீப்பில் உட்கார்ந்தபடி.

மலை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் விதி சிக்கலானதல்ல. 3,000 மீட்டருக்கு மேல், ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். நம் தாளோ சாமேயிலிருந்து மனாங்குக்கு 870 மீட்டர், மறுநாள் 610 மீட்டர். ஓய்வு நாள் என்று ஒன்றே கிடையாது. நியாயமாகச் சொன்னால், அதற்குப் பிறகு வரும் மூன்று இரவுகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான்: 4,150, 4,060, 4,050. அந்த மூன்று இரவுகள்தான் பலரைக் காப்பாற்றிவிடுகின்றன. ஆனால் அந்த லாபத்தையும் ஆறாம் நாள் ஒரே மூச்சில் 830 மீட்டர் ஏறி ஹை கேம்ப்பில் படுத்துத் தொலைத்துவிடுகிறார்கள்.

ஏன் இந்த விதி? மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைகிறது. தோரோங் கணவாயில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல். உடம்பு வேகவேகமாக மூச்சுவிட்டுச் சமாளிக்கப் பார்க்கிறது. அப்படி மூச்சுவிடுவதால் ரத்தத்தின் அமிலகாரச் சமநிலை மாறிவிடுகிறது. சிறுநீரகம் அதைச் சரிசெய்து கொடுத்தால்தான் மூச்சு இன்னும் கூட முடியும். சிறுநீரகத்துக்கு இதற்கு நாட்கள் பிடிக்கும். ஆட்டியவர் பயில்வான் என்பதற்காக இட்லி மாவு சீக்கிரம் புளித்துவிடுவதில்லை.

இங்கே வழக்கமாக வரும் எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. “எழுபது வயசு அத்தை முக்திநாத் போய்ச் சேவித்துவிட்டு வந்தாளே, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே?” முக்திநாத் 108 திவ்விய தேசங்களுள் ஒன்று, திருச்சாளக்கிராமம். தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் வயதானவர்கள் போகிறார்கள். பொக்கராவிலிருந்து விமானத்தில் ஜோம்சோம் (2,720), அங்கிருந்து ஜீப்பில் 3,760 மீட்டர். அத்தை அங்கே தூங்கவில்லை என்பதை மறந்துவிடுகிறீர்கள். 108 தாரையில் தலையை நனைத்து, பெருமாளைச் சேவித்து, சில மணி நேரத்தில் ஜோம்சோமுக்கு இறங்கிவிட்டார். உடம்பு உயரத்துக்குப் பழகாததால் வரும் மலை நோய் முற்றச் சில மணி நேரமாவது வேண்டும், பெரும்பாலும் இரவில்தான் முற்றுகிறது. அத்தையின் யாத்திரைத் திட்டம் மருமகனின் எக்செல் தாளைவிட மருத்துவ ரீதியாகச் சரியானது.

2. உடற்கட்டு உள்ளவனை மலை விட்டுவிடும் என்று யார் சொன்னது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாராவாரம் 20 கிலோமீட்டர் ஓடுகிறவர்களிடம் இந்த நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இதை உடைக்க வெளிநாட்டு ஆய்வைக்கூடத் தேட வேண்டாம். 1962 சீனப் போரையொட்டி சமவெளியிலிருந்து இமயத்தின் உயரங்களுக்கு அவசரமாகக் கொண்டுபோகப்பட்ட இந்தியப் படைவீரர்களிடையே மலை நோய் பரவலாகக் கண்டது. இந்தர் சிங்கும் அவருடைய சகாக்களும் 1,925 வீரர்களிடம் கண்டதை 1969-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதினார்கள். மலை நோயைப் பற்றிய அடிப்படைக் கட்டுரைகளுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது. இளைஞர்கள், பயிற்சி பெற்றவர்கள், மருத்துவத் தேர்வில் தேறியவர்கள். அவர்களையே படுக்கவைத்தது வேகம்.

1976-இல் பீட்டர் ஹாக்கெட்டும் டிரம்மண்ட் ரென்னியும் எவரெஸ்ட் வழியில் பெரிச்சே என்ற ஊரில் (4,243 மீட்டர்) 278 மலைநடையர்களைப் பரிசோதித்து ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட முடிவு இன்னும் கூர்மையானது. 53 விழுக்காட்டினருக்கு மலை நோய் இருந்தது. இளையவர்களிடமும், 2,800 மீட்டர் வரை விமானத்தில் வந்தவர்களிடமும், வேகமாக ஏறியவர்களிடமும், இடையில் குறைவான இரவுகள் தங்கியவர்களிடமும் அது அதிகம். தூக்கிவந்த சுமையோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. ‘விமானத்தில் வந்தவர்கள்’ என்ற இடத்தில் ‘ஜீப்பில் வந்தவர்கள்’ என்று போட்டுப் படியுங்கள். எட்டு நாள் திட்டத்தை யாரோ ஐம்பதாண்டுக்கு முன்பே சோதித்துப் பார்த்துவிட்டார்கள் என்று தோன்றும்.

நன்றாக ஓடுகிறவருக்கு இன்னொரு சிக்கல். அவரால் வேகமாக ஏற முடிகிறது, அதனால் ஏறிவிடுகிறார். மூச்சு வாங்குகிற தொப்பைக்காரர் பாதி வழியில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். தொப்பை சில சமயம் நல்ல வழிகாட்டி.

3. மாத்திரையும் ஹெலிகாப்டரும் திட்டத்தின் பகுதி ஆகாது.

அசிட்டசோலமைடு, கடையில் டயமாக்ஸ் என்று விற்பது, நல்ல மருந்துதான். சிறுநீரகத்தின் மேற்சொன்ன வேலையைச் சற்று விரைவுபடுத்துகிறது. டாக்டரைக் கேட்டு எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் அது இரண்டு நாள் வேலையை இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தராது. இரவில் உயரம் 800 மீட்டர் கூடும் திட்டத்துக்கு அனுமதிச் சீட்டும் அல்ல.

ஹெலிகாப்டர் மேகத்துக்குள் பறக்காது, இருட்டில் வராது. மலை நோய் முற்றுவது பெரும்பாலும் இரவில், வானிலை கெடுவது பெரும்பாலும் பிற்பகலில். காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையில்லாத ஹெலிகாப்டர் மீட்புகள் நடக்கின்றன என்ற புகாரை 2018-இல் நேபாள அரசே விசாரிக்க வேண்டியிருந்தது. மலை நோய்க்கு முதல் வைத்தியம் கீழே இறங்குவதுதான். அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம் தாளில் இருக்க வேண்டும்.

4. போய்த் திரும்பும் நடை வேறு, சுற்றிவரும் நடை வேறு. எட்டு நாள்காரர்களின் பெரிய குருட்டுத்தனம் இந்த வேறுபாட்டைக் காணாததுதான்.

எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகிறவர் எந்த நாளில் வேண்டுமானாலும் திரும்பலாம். வந்த வழி தெரியும், விட்டுவந்த பெட்டி அதே வழியில் இருக்கிறது, திரும்பும் விமானமும் அதே ஊரிலிருந்து. ஒரு நாள் முன்னதாகத் திரும்பினால் நஷ்டம் ஒரு காட்சி மட்டும். சுற்றுநடையில் அப்படியில்லை. தோரோங் கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு நதி, ஒரு மாவட்டம், ஒரு சாலை. அந்தப் பக்கம் வேறு நதி, வேறு மாவட்டம், வேறு சாலை. ஜோம்சோம் விமானம், பொக்கரா ஓட்டல், ஊருக்குத் திரும்பும் டிக்கெட் எல்லாம் அந்தப் பக்கம். பணமும் ஆசையும் கணவாய்க்கு அப்பால் காத்திருக்க, ஆள் மட்டும் இப்பால் நிற்கிறார். கணவாய்க்கு இந்தப் பக்க அடிவாரமான பேடியில், விடுதிக்கு வெளியே விடியற்காலை நான்கு மணிக்குப் பனி கொட்டுகிறது. போகலாமா, இருக்கலாமா? உபரி நாள் இல்லாதவருக்கு அது கேள்வியே இல்லை. அவர் என்ன செய்வார் என்பதைச் சென்னையில் டிக்கெட் எடுத்த அன்றே முடிவு செய்துவிட்டார்.

2014 அக்டோபர் 12-ஆம் தேதி ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தருகே கரையேறியது. நமக்கெல்லாம் நினைவிருக்கும் புயல். அதன் மிச்சம் வடக்கே நகர்ந்து இமயத்தில் மோதி, 14-ஆம் தேதி தோரோங் கணவாயில் பெரும்பனியாகக் கொட்டியது. அக்டோபர், கணவாயில் ஆள் நடமாட்டம் மிகுந்த மாதம், நல்ல வானிலைக்குப் பேர்போன மாதம். புயல் வருவது வானிலையாளர்களுக்குத் தெரியும், எச்சரிக்கை மேலே போய்ச் சேரவில்லை. அந்தப் பேரிடரில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நேபாளிகள், இந்தியர்கள், ஐரோப்பியர்கள், வழிகாட்டிகள், சுமைகாரர்கள். கணவாய் உச்சியிலுள்ள சிறு டீக்கடைக்குள் நெரிசலாக ஒதுங்கியவர்களில் சிலர், இருட்டுவதற்குள் முக்திநாத் பக்கம் இறங்கிவிடலாம் என்று கிளம்பி, கண்ணுக்கு எதுவும் தெரியாத பனியில் வழி தவறினார்கள். இறந்தவர்கள் அவசரக்காரர்கள் என்று சொல்வது அநியாயம், நான் அப்படிச் சொல்லவில்லை. வங்காள விரிகுடாவில் எழும் புயல் இரண்டே நாளில் கணவாயை மூடிவிட முடியும் என்றால், இரண்டு நாள் காத்திருக்க இடமில்லாத திட்டத்தைத் திட்டம் என்று அழைக்கலாமா என்றுதான் கேட்கிறேன்.

ஆகவே சுற்றுநடைக்கு இரண்டு திட்டம் எழுத வேண்டும். கணவாய் திறந்திருந்தால் ஒன்று, மூடியிருந்தால் மற்றொன்று. பேடியிலிருந்து மனாங்குக்கு ஒரு நாளில் இறங்கலாம். அங்கிருந்து சுற்றின் கிழக்குத் தொடக்கமான பேசிசஹார் போய், பொக்கராவைச் சுற்றி வந்து, ஊர் திரும்ப எத்தனை நாள், எவ்வளவு பணம் என்பது வீட்டை விட்டுக் கிளம்பும்போதே எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது திட்டத்தில் விமானம் தவறுகிறது என்றால் முதல் திட்டமும் செல்லாது.

எந்தத் திசையில் சுற்றுவது என்பதற்கும் இதே கணக்குதான். கோயிலையோ ஸ்தூபியையோ வலம் வந்து பழகிய நமக்கு, இந்தச் சுற்று மலையை இடப்பக்கம் வைத்துப் போவது நெருடலாம். முக்திநாத்திலிருந்து ஏறினால் கணவாய்க்கு ஒரேயடியாக 1,650 மீட்டர், நடுவே தங்க இடமும் குறைவு. மனாங் பக்கம் படிப்படியாக ஊர்கள் இருக்கின்றன. மனாங்கில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ முகாமும் இருக்கிறது. சீசனில் பிற்பகல்தோறும் மலை நோயைப் பற்றி டாக்டர்கள் பேசுகிறார்கள். ஜீப்பில் வந்து மறுநாள் காலையே திலிச்சோவுக்குக் கிளம்பும் கூட்டம் அந்தப் பேச்சுக்கு உட்கார்வதில்லை.

5. திலிச்சோ ‘போகிற வழியில்’ இல்லை.

ஏரியைச் சேர்ப்பதுதான் இந்தத் தாளின் கவர்ச்சி, பலவீனமும் அதுவே. 4,919 மீட்டரில் நீலமாகக் கிடக்கும் திலிச்சோவை உலகிலேயே உயரமான ஏரி என்று விளம்பரம் செய்கிறார்கள். அதைவிட உயரமானவை பல உண்டு. சிலி-அர்ஜென்டினா எல்லையில் ஓஹோஸ் டெல் சலாடோ எரிமலையில் 6,390 மீட்டரளவில் ஒரு குட்டை இருக்கிறது. ஏரியின் அழகுக்கு அந்தப் பட்டம் தேவையே இல்லை. ஆனால் பட்டத்துக்காகப் போகிறவர் ஒரு டிக் அடிப்பதற்காகப் போகிறார், டிக் அடிக்கிறவர் இரவுகளை எண்ணுவதில்லை.

திலிச்சோ அடிவார முகாமில் இரவில் ஒருவருக்கு மூச்சுத் திணறுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே 500 மீட்டராவது இறக்க வேண்டும். ஆனால் முகாம் இருப்பது 4,150-இல். திரும்பும் வழியில் அடுத்த விடுதி ஸ்ரீ கர்க்கா, 4,060. கிடைக்கும் இறக்கம் 90 மீட்டர். அதற்கும், பகலிலேயே கல் உருண்டு விழும் சரிவைக் குறுக்கே கடந்துதான் போக வேண்டும். 3,734 மீட்டரில் இருக்கும் காங்சாருக்குப் போனாலும் 400 மீட்டர்தான். தூங்குவதற்கு இதைவிட மோசமான இடத்தை இந்தச் சுற்றில் தேர்ந்தெடுக்க முடியாது. அதைத்தான் மூன்றாம் இரவுக்கு வைத்திருக்கிறார்கள்.

உடல் பழகிய பிறகு அதே முகாம் அருமையான படிக்கட்டு. ஏறக்குறைய 5,000 மீட்டர் வரை போய்க் கீழே வந்து தூங்கியவருக்குத் தோரோங் கணவாய் எளிதாகிவிடுகிறது. ஆகவே ஏரி வேண்டும் என்பதே என் கட்சியும். ஏரிக்கு முன்னால் நான்கைந்து இரவுகளைக் கொடுங்கள் என்கிறேன்.

1950-இல் மோரிஸ் எர்சோகின் பிரெஞ்சுக் குழு அன்னபூர்ணாவைத் தேடி இந்த ஏரிப் பக்கமெல்லாம் அலைந்தது. கையிலிருந்த வரைபடம் தவறாக இருந்ததால் 8,091 மீட்டர் மலையையே கண்டுபிடிக்க முடியாமல் வாரக்கணக்கில் திண்டாடினார்கள். பருவமழை நெருங்கிவிட்ட நிலையில் ஜூன் 3 அன்று எர்சோகும் லூயி லாஷெனாலும் உச்சியைத் தொட்டார்கள். 8,000 மீட்டருக்கு மேலான சிகரம் ஒன்றில் மனிதன் கால்வைத்த முதல் நாள் அது. இறங்கும்போது புயலிலும் பனியிலும் சிக்கி, எர்சோக் கைவிரல்களையும் கால்விரல்களையும் இழந்தார், லாஷெனால் கால்விரல்களை. அவர்களுக்குச் சரியான வரைபடம் இல்லை என்ற காரணமாவது இருந்தது. செயலியில் மீட்டர் மீட்டராக உயரக்கோடு பார்க்கும் நமக்கு அதுவும் இல்லை.

6. ‘ரோடு வந்து பாழாகிவிட்டது’ என்பது பாதி உண்மை. பாதி உண்மையை வைத்து முழுப் பாதையையும் ஜீப்பில் தாண்டுகிறார்கள்.

பேசிசஹாரிலிருந்து தாராபானி வரை (1,860 மீட்டர்) வண்டியில் போவதை நான் எதிர்க்கவில்லை. உயரம் குறைவு, உடம்புக்குக் கெடுதல் இல்லை. நெல் வயல்களும் அருவிகளும் நிறைந்த அந்த நடையை இழப்பது நஷ்டம்தான், லீவு இல்லாதவர் அந்த நஷ்டத்தை ஏற்கலாம். சாமேக்கு மேலே கதை மாறுகிறது. மேல் பிசாங்கிலிருந்து க்யாரு, ஙாவல் வழியாக மலைச்சரிவில் உயரே போகும் பழைய பாதையில் ஜீப்பின் சத்தம்கூடச் சரியாகக் கேட்காது. வழியில் பச்சையாகத் தேங்கிய சிறு ஏரி. எதிரே 7,937 மீட்டர் இரண்டாம் அன்னபூர்ணா. கீழ்ப்பகுதியிலும் பல இடங்களில் சாலைக்கு எதிர்க்கரையில் சிவப்பு-வெள்ளைக் கோடு போட்டு மாற்றுப்பாதை அடையாளம் செய்திருக்கிறார்கள். புழுதியைக் குறை சொல்கிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கோட்டைத் தேடினார்கள்?

ஙாவல் 3,660 மீட்டர், மனாங் 3,540. ஙாவலில் ஓர் இரவு தூங்கியவர் மனாங்குக்கு இறங்கி வந்து தூங்குகிறார். உடலைப் பழக்க இதைவிடச் சுகமான ஏற்பாடு வேண்டுமா? ஜீப்காரர்கள் தாண்டிப்போவது சரியாக இந்த இரண்டு மூன்று நாட்களைத்தான். காட்சிக்காகவும் மருத்துவத்துக்காகவும் தவறவே விடக்கூடாத பகுதியை ‘நேரம் மிச்சம்’ என்ற கணக்கில் எழுதுகிறார்கள்.

அந்த நேரம் மிச்சமாவதும் நிச்சயமில்லை. செங்குத்தான பாறையில் குடைந்த ஒற்றைத்தடம் அது. ஒரு மழைக்கு மண் சரியும். 2021 ஜூன் வெள்ளத்தில் தால் உள்பட மனாங் மாவட்டத்து ஊர்கள் பெரும் சேதம் கண்டன, சாலையும் பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது. நடப்பவர் சரிவைச் சுற்றிப் போவார். ஜீப்பை நம்பி வந்தவர் அங்கேயே உட்கார்ந்து எக்செல் தாளைத் திருத்துவார்.

7. திட்டத்தில் பெயர் இல்லாத ஒருவர் உங்கள் பையைத் தூக்குகிறார்.

சுமைகாரர்கள் பலர் தாழ்வான மலையூர்களிலிருந்து வருகிறவர்கள். நேபாளி என்பதாலேயே உயரம் தாங்கும் உடம்பு என்று நினைப்பது அறியாமை. ஜீப்பில் உங்களோடு ஏறி வந்தவருக்கும் உங்களைப் போலவே தலை வலிக்கும். நீங்கள் சொல்வீர்கள், அவர் கூலிக்குப் பயந்து சொல்ல மாட்டார். அவர் முதுகில் 30 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற வரம்பைத் தெரிந்தவர்கள்கூட, அவருக்கு ஓய்வு நாள் வேண்டும் என்பதை நினைப்பதில்லை. எட்டு நாள் திட்டம் அவருக்கு எட்டு நாள் கூலி, பதினைந்து நாள் ஆபத்து. வாடிக்கையாளர் கேட்டால் எந்த ஏற்பாட்டாளரும் எட்டு நாளுக்கு ஒப்புக்கொள்வார், இல்லையென்றால் பக்கத்துக் கடைக்காரர் ஒப்புக்கொண்டுவிடுவார். ஆகவே இதைத் தடுக்க வேண்டியது கேட்கிற நாம்தான்.

8. “இவ்வளவும் சரி, லீவுக்கு எங்கே போவது?”

கடைசியில் எல்லா வாதமும் இங்கேதான் வந்து நிற்கிறது, நியாயமான கேள்விதான். முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தாராபானி, சாமே, மேல் பிசாங், ஙாவல், மனாங்கில் இரண்டு இரவு, ஸ்ரீ கர்க்கா, திலிச்சோ அடிவாரம், மறுபடி ஸ்ரீ கர்க்கா, யாக் கர்க்கா, பேடி, முக்திநாத், மார்பா. பதின்மூன்று இரவுகள். மனாங்கின் இரண்டு இரவுகளுக்கு இடைப்பட்ட பகலில் கங்காபூர்ணா ஏரிக்கரைக்கோ, கால் தெம்பிருந்தால் 4,600 மீட்டர் கிச்சோ தாலுக்கோ ஏறி இறங்கலாம். இதிலும் ஓரிரு இடத்தில் 500 மீட்டர் விதி கொஞ்சம் இடிக்கும், அதைச் சமன் செய்யத்தான் மனாங்கில் கூடுதல் இரவு. ஹை கேம்ப்பில் தூங்காமல் பேடியிலிருந்து (4,450) கிளம்புவது கணவாய் நாளை நீளமாக்கும், முந்தைய இரவை நிம்மதியாக்கும். இவற்றோடு எங்கே செலவாகும் என்று முன்கூட்டியே தெரியாத இரண்டு நாள். செலவாகாவிட்டால் மார்பாவின் ஆப்பிள் தோட்டங்களில் உட்கார்ந்து செலவழிக்கலாம். அங்கேயும் காலையிலேயே நடந்து முடித்துவிட வேண்டும். முற்பகல் தாண்டியதும் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று பேய்போல வீசும், ஜோம்சோம் விமானங்கள் காலையில் மட்டும் பறப்பதும் அதனால்தான். ஊரிலிருந்து போய்வரும் பயணத்தையும் கூட்டினால் பதினெட்டு நாள் ஆகும்.

பதினெட்டு நாள் கிடைக்காதவர் சுற்றைச் சுருக்கக்கூடாது, வேறு சுற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொக்கராவுக்கு மேற்கே நயாபுலில் தொடங்கி உல்லேரி, கோரேபானி (2,860), தாடாபானி, காந்துருக் வழியாக நயாபுலுக்கே திரும்பும் பாதை நான்கைந்து நாளில் நிதானமாக முடியும். எந்த இரவும் 3,000 மீட்டரைத் தாண்டாது. மிக உயரமான இடம் பூன் ஹில், 3,210. அங்கே விடியலில் நின்றால் ஒரு பக்கம் 8,167 மீட்டர் தௌலகிரி, மறுபக்கம் தெற்கு அன்னபூர்ணா, மச்சப்புச்ரே. ஏரிக்குப் பொக்கராவில் பேவா, சற்றுத் தள்ளி பேக்னாஸ். மலையும் ஏரியும் சுற்றும் எல்லாம் எட்டு நாளில் அடங்கி, மழைக்கென்று ஒரு நாளும் மிஞ்சும். அது பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற இடமாயிற்றே என்று முகம் சுளிக்கிறவர்களோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை. மேலதிகாரியிடம் பேசி, லீவைக் கூட்டிக்கொண்டு வரட்டும்.